புகை படாத மடிக்கணினி

நேற்று என் மகள் தன் சிறிய மடிக்கணினியையும் வீட்டு மேசைக்கணினியையும் அருகருகே வைத்து, வெட்டி ஒட்டிய ஒரே வீடியோவை முழுப்படமாக்க இரண்டிலும் ரெண்டர் போட்டாள். எது வேகம் என்று பார்க்கவேண்டுமாம். நடுவராக நான் அமர்த்தப்பட்டேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் இரண்டுமே முடித்துவிட்டன. எனக்குத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம் மட்டும் சற்று நின்றது. எனக்கு அந்த மணத்தோடு சாம்பிராணியும் சேர்ந்தே வரும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். அங்கிருந்த மேசைக்கணினி, பக்கத் தகடு கழற்றப்பட்டு, எதிரே ஒரு மின்விசிறியுடன் காய்ச்சல்காரரைப் போல உட்கார்ந்திருக்கும். ஆனால் அது தாலிகட்டை முடித்துப் பந்திக்குப் போன பிறகும், முதலாளி அண்ணன் புதிதாக வாங்கிய சிறிய மடிக்கணினி மாப்பிள்ளை அழைப்பிலேயே நின்றுகொண்டிருக்கும். அண்ணன் ஒப்புக்கொள்ளமாட்டார். அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்த குடும்பத்தவர்.

"தாயி, அது மாடு, இது ஆடு. கரண்டு போனா மாடு படுத்துக்கிரும். ஆடு பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டே இருக்கும்."

மின்வெட்டுக் காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, சேவுகம்பட்டியிலிருந்து புதுமணத் தம்பதியர் வந்து பெஞ்சில் அமர்ந்தனர். மாப்பிள்ளை அன்று மாலையே திருச்சிப் பேருந்து ஏறி வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். கல்யாண வீடியோ அவர் கையோடு போகவேண்டும் என்பது பெண்ணின் பிடிவாதம்.

"வீட்டுல அம்புட்டு சனம்க்கா. மொகம் பாத்துப் பேசுனதே இல்ல. அங்க போயாவது என் மூஞ்சியப் பாக்கட்டும்."

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கணினியிலும் வேலையைத் தொடங்கினேன். மேசைக்கணினி முடிக்கும் தறுவாயில் மின்சாரம் போயிற்று. அண்ணன் மடிக்கணினியைத் தட்டிக்கொடுத்தார். நான் டிவிடி வாங்கக் கீழே இறங்கினேன்.

திரும்பியபோது மாடி முழுக்கப் புகை. வெள்ளிதோறும் அண்ணனின் மனைவி கருவிகளுக்கெல்லாம் சாம்பிராணி காட்டுவார். மடிக்கணினி மூடியிருந்தது.

"யாரு மூடுனதுக்கா?" என்றேன்.

"நாந்தேன். புதுசுல்ல, பொகை உள்ள போயிரக் கூடாதுன்னு."

"மூடுனா அது தூங்கிருமேக்கா!"

"செத்த நேரம் தூங்கட்டுமே. மத்தியானத்துலருந்து ஓடுதுல்ல?"

அண்ணன் ஆட்டை மெல்லத் தடவிப் பார்த்தார்.

இந்தப் பதற்றம் எதுவும் பெஞ்சை எட்டியிருக்கவில்லை. புகைக்குள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க சோத்துக்கு வெஞ்சனம் யாரு வைப்பா?"

"நாந்தேன்."

"வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் சிரித்தாள்.

மடிக்கணினியைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "தாலிய எடுத்து நீட்டுறதோட நிக்குது. இம்புட்டுத்தான் தர முடியும்" என்றேன்.

பெண் யோசித்தாள். "அது போதும்க்கா. மிச்சத்தப் பாக்க அவுக இங்க வரட்டும்."

டிவிடியை வாங்கிக்கொண்டு அவர் "வாரேன்" என்றார். எங்களிடம் அல்ல.

மீதியை மறுநாள் மேசைக்கணினி அலட்டலின்றி முடித்தது. அதை வாங்க அந்தப் பெண் தனியாக வரவேயில்லை. மாப்பிள்ளை விடுப்பில் வந்தபோது, இருவருமாக வந்து வாங்கிப்போனார்கள்.

இன்று அந்த மாடியில் கைபேசிக் கடை இருக்கிறது. எல்லாம் உடனே முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் நின்றபடியே வாங்கிச் செல்கிறார்கள்; பெஞ்சு போடவில்லை.