வலது பக்கத்து நாற்காலி

என் நண்பருக்கு வலது காது கேட்காது. அது தெரிந்தேதான் அன்று என் நாற்காலியை அவருக்கு வலது பக்கம் போட்டேன். மறதி என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறதி இல்லை. பொறாமை.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபத்தைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றியவர். கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது போனது. வேலை ஓய்ந்த நேரங்களில் தானாகவே கிட்டார் பழகியிருந்தார். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், ஃபேர்லேண்ட்ஸில் வீடு. இளமையிலிருந்தே கிட்டார் வாசிக்கிறேன். ஜிப்ஸி ஜாஸ் என்று ஒரு கிட்டார் இசை இருப்பதை அவருக்குச் சொன்னதே நான்தான். முதல் பாட்டை என் செல்போனில் கேட்டுவிட்டு அவர் கேட்டது நினைவிருக்கிறது.

"ஏனுங்க வாத்தியாரே, இதுல டிரம்மே இல்லீங்களே. அப்பறம் வண்டிய இழுக்கறது யாருங்க?"

"ரெண்டாவது கிட்டார். நாலு எண்ணிக்கையில ஒண்ணுக்கும் மூணுக்கும் மெல்லத் தட்டணும், ரெண்டுக்கும் நாலுக்கும் நறுக்குன்னு வெட்டணும். அதை நான் பாத்துக்கறேன்."

"அப்ப எஞ்சின் நீங்க. நான் சும்மா ஆரன் அடிக்கறவன்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஞாயிறுதோறும் நான் பஸ் பிடித்துப் போவேன். அவருடைய பட்டறையில், கழற்றிப் போட்ட இரும்புக் குழாய்களுக்கு நடுவே, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம், கேட்கும் காதின் பக்கம். பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்போம். ஒரு திருப்பம் பிடித்துவிட்டால் அதையே பத்துத் தடவை ஓட்டி, "பாருங்க, பாருங்க, எங்க போயி எங்க எறங்கறான்!" என்று என் தொடையில் அடிப்பார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "போர் போடற சத்தமே தேவலைங்க" என்பார்.

ஆறே வருடத்தில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நாற்பது வருடமாக என் விரல்கள் தேடியதை அவர் விரல்கள் பேச்சுவாக்கில் எடுத்தன. நான் சிரித்துக்கொண்டே தாளம் வெட்டினேன். வீட்டுக்கு வந்து அதே இடத்தை வாசித்துப் பார்ப்பேன். வராது.

பிறகு அவர் வாசிப்பதை அவர் மகள் செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டாள். அதில் என் வலது கை மட்டும், முழங்கைக்குக் கீழே, தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி பெங்களூரிலிருந்து வந்தார். ஜிப்ஸி ஜாஸ் வாசிப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கூட்டி வாசிக்க வைப்பவர் அவர். நண்பரை நேரில் கேட்டுவிட்டு அழைக்க வேண்டும் என்றார். சேலம்தான் வசதி என்று என் வீட்டுக் கூடத்தில் ஏற்பாடானது. நண்பர் சலவை வேட்டி கட்டி, விபூதி பூசி வந்தார்.

"இந்தப் பக்கம் நான் உக்காந்தா அந்தம்மாவுக்கு உங்க கை மறைச்சுடும். வலது பக்கம் போயிடறேன்" என்றேன்.

"நீங்க சொன்னாச் செரிங்க."

அவருக்கு இடது பக்கத்து ஜன்னலையும் திறந்து வைத்தேன். காற்றுக்கு என்றேன். தெரு முழுக்க ஹாரன் சத்தம்.

இரண்டாவது சுற்றிலேயே அவர் அரைத் தட்டு முன்னால் போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் நிறுத்தி, "மன்னிச்சுக்குங்க" என்று கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டார். அந்தப் பெண்மணி கிளம்பும்போது என்னிடம், "உங்க தாளம் உறுதியா இருக்கு. நீங்க வரலாமே?" என்றார். நான் போனேன். அங்கே இரண்டு நாள் யார் யாருக்கோ தாளம் வெட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் எடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து நேரில் போனேன். கிட்டார் பெட்டி பீரோவுக்கு மேலே கிடந்தது. அவர் வெளியே போயிருந்தார். மனைவிதான் சொன்னார்.

"இருந்த ஒத்தக் காதும் போச்சுன்னு எடுத்து மேல போட்டுட்டாருங்க. டாக்டரு நல்லாத்தான் இருக்குதுங்கறாரு. இவுரு நம்ப மாட்டேங்கறாரு. ராவெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கறாருங்க."

அவர் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த ஞாயிறு திரும்பப் போய், பட்டறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, ஜன்னல், கண்ணை மூடிக்கொண்டது, ஏன் என்பது.

இடது காதைத் தொட்டுக்கொண்டு, "அப்ப என்ற காது நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்றார்.

"நல்லா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. உடனே அது போய்விட்டது. "சின்ன ரூமுதானே, எந்தப் பக்கம் உக்காந்தா என்னன்னு நெனச்சனுங்க. எட்டு மாசமுங்க வாத்தியாரே. ஒவ்வொரு நாளும் காலைல எந்திரிச்சதும் கடியாரத்தக் காதுல வெச்சுப் பாத்தனுங்க." பிறகு, "நீங்க போங்க" என்றார்.

அன்றே பெங்களூர்ப் பெண்மணிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அவர் எனக்குப் பதில் எழுதவில்லை, நண்பரை அழைத்துக்கொண்டார். நண்பர் அங்கே வாசித்ததை என் செல்போனில் பார்த்தேன். இடது பக்கம் யாரோ ஒரு தாடிக்காரர் தாளம் வெட்டினார். அவருடைய வெட்டு கொஞ்சம் முரடு என்று தோன்றியது. அந்த இடத்தில் அவர் இருப்பது எனக்கு எரிந்தது.

போன தை மாதம் நண்பர் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வாங்க. கிட்டாரையும் எடுத்துட்டு வாங்க."

போனேன். அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. வெறும் தாளம் மட்டும் பதிந்த பாட்டு அதில் ஓடியது. நான் நின்றேன்.

"நீங்க அக்கட்டால உக்காருங்க" என்று வலது பக்கம் கை காட்டினார்.

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஸ்பீக்கரோடு ஒட்டி, ஒரு தட்டும் பிசகாமல் வெட்டுகிறேன். அவர் அற்புதமாக வாசிக்கிறார், ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஸ்பீக்கரைத் தூக்கிக் குழாய்களுக்கு நடுவே எறியலாம் போலிருக்கிறது.

சென்ற வாரம் டீ கொண்டுவந்த அவர் மனைவி என் பக்கம் குனிந்து கேட்டார். "ஏனுங்க, அந்தப் பக்கம்தான் அவுருக்குக் கேக்காதுங்களே. அப்பறம் யாருக்குங்க இத்தன மெனக்கெட்டு அடிக்கறீங்க?"

"தெரியுமுங்க" என்றேன். டீயை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு நண்பர் தலையசைப்பதற்காகக் காத்திருந்தேன்.