வெல்டர் கட்டிய மிதவை மேடை

கோடைதோறும் நடக்கும் ஆற்று விழாவுக்கு மிதவை மேடை கட்டித் தந்தவர் வெல்டர். இரும்புச் சட்டத்துக்கு அடியில் காலிப் பீப்பாய்களைப் பிணைத்து நடு ஆற்றில் நிறுத்துவார். பாட்டுக் குழு அதில் ஏறிப் பாட, ஊரே கரையில் நின்று கேட்கும். எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாம் வருஷம் விழாத் தலைவரின் விருந்தாளிகளும் மேடையேற ஆசைப்பட்டார்கள்.

"நாப்பது பேருக்கு மேல தாங்காதுங்க," என்றார் வெல்டர்.

"ஒரு பாட்டுதானப்பா, கேட்டுட்டு இறங்கிடுவாங்க," என்றார் தலைவர்.

எழுபது பேர் ஏறினார்கள். இருட்டில் மேடை ஒருபக்கமாகச் சாய்ந்தது; கரையில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஏழு பேர் பிணமாகக் கரை சேர்ந்தார்கள். கிட்டார் வாசித்த வெல்டரின் மச்சினனும் அதில் ஒருவன். அன்று விழாவுக்கு வராத அவர் மனைவி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

விசாரணைக்கு முன்பு தலைவர் பட்டறைக்கு வந்தார். "திடீர்னு வெள்ளம் வந்துடுச்சு. அப்படித்தானே?"

பட்டறை இருந்த இடம் அவருடையது. அவர் நீட்டிய வாக்குமூலத்தில் வெல்டர் கையெழுத்துப் போட்டார். மறுவருஷம் மேடை கட்டியதும் அவரேதான்.

விழாவின் இருபத்தைந்தாம் வருஷம், வெள்ளிவிழா மலர் எழுத நகராட்சி எழுத்தர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் வருஷத்தைப் பற்றிக் கேட்டார்.

"வெள்ளம் வந்துச்சுங்க, எழுதிக்குங்க," என்றாள் மனைவி, டீயை வைத்தபடி.

அவள் வாயால் அதைக் கேட்டதும் வெல்டரால் பொறுக்க முடியவில்லை. "வெள்ளம் வரல. அன்னிக்கு ஒரு விரக்கடை தண்ணிகூட ஏறல," என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

எழுத்தர் போகும்வரை அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்: "பதினாறு வருஷமா என் தம்பி படத்துக்குக் கீழதானே உக்காந்து சாப்பிட்டீங்க?"

மறுநாள் காலையில் அவள், கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மலரில், 'வெள்ளத்தால் நிகழ்ச்சி பாதியில் நின்றது' என்று ஒரே வரி இருந்தது.

"நான் எழுதினேங்கய்யா. மேல வெட்டிட்டாங்க," என்றார் எழுத்தர், முகத்தைப் பார்க்காமல்.

அந்த வருஷம் வெல்டர் மேடை கட்ட மறுத்தார். வேறொருவர் கட்டினார், விழா நடந்தது. பட்டறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

மகள் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்றாம் முறை மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இனிமே வராதீங்கப்பா. நீங்க வந்துட்டுப் போனா அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குறாங்க."

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.