ஜனவரிக் கப்பலும் நவம்பர்க் கப்பலும்

எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் அந்நாளில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் சித்தப்பா. மற்றவர்கள் கடலை அறிய வேண்டுமானால், ஆடி மாதம் படவேட்டுக் கோயிலுக்கு மலையிறங்கும்போது கண்ணில் படும் ஏரியை மனத்துக்குள் பெருக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை மடங்கு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. சாமையும் புளியும் விளையும் ஜவ்வாது மலையில் பிறந்த ஒருவர், அடிவாரத்து விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு முடித்து, வேலூரில் நடந்த ஆள்சேர்ப்பில் தேறி, விசாகப்பட்டினத்துக்குக் கடற்படையில் சேரப் போனது எழுபதுகளின் இறுதியில் எங்கள் ஊருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பெரும் பங்கை என் அப்பாவே எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்ததை நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் எடுத்துக்கொண்டேன்.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் விடுப்பில் வந்த சித்தப்பா ஒரு காலண்டர் கொண்டுவந்திருந்தார். மாதத்துக்கு ஒரு கப்பல் என நம் கடற்படையின் பன்னிரண்டு கப்பல்கள் அதில் இருந்தன. ஜனவரியில் இருந்தது விமானம் தாங்கிக் கப்பல். அதன் மேல்தளத்தைப் பார்த்த அப்பா, "நம்ம சாமக் கொல்லய அப்பிடியே தூக்கி மேல வெக்கலாம்டா" என்றார். தம்பி கடற்படையில் இருக்கிறான் என்றால் இருப்பதிலேயே பெரிய கப்பலில்தான் இருப்பான் என்று அவர் தாமாகவே முடிவு செய்துகொண்டார். சித்தப்பாவும் மறுக்கவில்லை. அதனால் அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்குப் பிப்ரவரி வரவேயில்லை. சாமை விதைத்தபோதும் அறுத்தபோதும், சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஜனவரியே தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் நான் உரல்மேல் ஏறி நின்று மற்ற மாதங்களைப் புரட்டுவேன். மார்ச்சில், வாயைத் திறந்து பீரங்கி வண்டிகளைக் கரையில் இறக்கும் கப்பல். மே மாதத்தில் கடலடியில் புதைத்த கண்ணிவெடிகளை வாரியெடுக்கும் கப்பல். ஆகஸ்டில் நடுக்கடலில் மற்றக் கப்பல்களுக்கு எண்ணெய் ஊட்டும் தாய்க்கப்பல். செப்டம்பரில், உருவத்தில் சிறியதாயினும் ஏவுகணை சுமந்து பாயும் படகு. பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறிய நான், இந்தப் பன்னிரண்டையும் தலைகீழாகவும் ஒப்பிப்பேன். நவம்பர் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் நிறையத் தண்ணீரும், நடுவே எருமையின் முதுகு போலக் கறுப்பாக ஏதோ ஒன்றும் இருந்தன. அச்சடித்தவர்கள் ஏமாற்றிவிட்டதாக எண்ணியிருந்தேன்.

அறுவடை முடிந்த கையோடு சித்தப்பா மீண்டும் விடுப்பில் வந்தார். இம்முறை வந்தது பெண் கேட்க. இரண்டு மலை தள்ளியிருந்த ஊரில் தகப்பனில்லாத ஒரு பெண். அவளைத் தவிர வேறு யாரையும் பார்க்க வேண்டாமென்று அவர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்தினம், சித்தப்பா என்னோடு தனியாக இருந்த நேரத்தில், ஜனவரிக் கப்பலில் அவர் படுக்கும் இடம் எதுவென்று கேட்டேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பத்துத் தாள்களைப் புரட்டி நவம்பரில் நிறுத்தினார்.

"நான் இதுலதான் இருக்கேன்."

"இதுல ஒண்ணுமே இல்லியே சித்தப்பா."

"எல்லாம் உள்ள இருக்குது."

அது நீர்மூழ்கிக் கப்பல். ரஷ்யாவில் கட்டியது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவிலேயே நம் நாட்டில் அவை இருந்தன. அவற்றில் போக எல்லோரையும் எடுப்பதில்லை. ஒருவர் எழுந்த படுக்கையில் அடுத்தவர் படுத்துக்கொள்வார். குளியல் இல்லை. பகலும் இல்லை. மேலே எதிரிக் கப்பல்கள் தேடித் திரிய, இவர்கள் கீழே அசையாமல் கிடப்பார்கள். எத்தனை முறை துவைத்தாலும் சித்தப்பாவின் துணியில் பஸ் என்ஜின் வாடை போகவில்லையே என்று அம்மா வியந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றார் சித்தப்பா. அம்மாவின் சிறுவயதில், அவளுடைய தம்பி ஒருவனைக் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. தாயை இழந்த ஐந்து வயதுச் சித்தப்பாவை, புதுமணப் பெண்ணாக வந்த அம்மாதான் அந்தத் தம்பியின் இடத்தில் வைத்து வளர்த்தாள். கடற்படை என்றதும் சோற்றைத் தள்ளிவைத்தவள், ஜனவரியைப் பார்த்த பிறகே, "இம்மாம் பெருசு முழுவாது" என்று ஆறுதல் அடைந்தாள். அந்த ஆறுதலைக் கெடுக்கச் சித்தப்பாவுக்கு மனமில்லை. நானும் தலையசைத்தேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண் கொடுக்க வருபவர்கள் பெரியவர்களின் பேச்சை மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்களே தவிர, நம்புவது அந்த வீட்டுக் குழந்தையைத்தான். குழந்தையின் உள்ளங்கையில் ஒரு பிடி சாமையை வைத்து மூன்று கேள்விகள் கேட்பார்கள். பொய் சொன்னால் அடுத்த வெள்ளாமை பதராகிவிடும். மூன்றாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைக் காட்டு. குழந்தை முன்னே நடக்க, பின்னால் எல்லோரும் அவன் உழும் கொல்லைக்குப் போய் மண்ணை மிதித்துப் பார்ப்பார்கள். சித்தப்பா வேலை செய்யும் இடத்தை மிதித்துப் பார்க்க வழியில்லை என்பதால், ஜனவரியை விரலால் தொட்டுக் காட்டும்படி அப்பா காலையிலேயே எனக்கு இரண்டு முறை ஒத்திகை நடத்தியிருந்தார்.

பெண்ணின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். தாய்மாமன் வரும்போதே மனத்தாங்கலோடு வந்தவர் போலிருந்தார். "மாப்பிள்ள கொல்லயில எறங்கறதில்ல, ஏர் புடிக்கறதில்ல. எதப் பாத்துப் பொண்ணு குடுக்கறது?" என்றார். அப்பா காலண்டரைக் காட்டி, "அதப் பாத்து" என்றார். பெண்ணின் தாய் என்னை அருகில் அழைத்து, கையில் சாமையை வைத்தாள்.

"பாப்பா, இந்த வூட்ல காலைல மொதல்ல எய்ந்திருக்கறது யாரு?"

"அம்மா."

"ஒன் சித்தப்பனுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவான்?"

"வெறவு பொளப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப அடுப்புக்குப் பஞ்சமில்ல" என்று தாய்மாமன்கூடச் சிரித்தார். பிறகு மூன்றாவது கேள்வி வந்தது.

அந்தக் கணத்தில் சாமைக்கும் வெள்ளாமைக்கும் அஞ்சி நான் உண்மை பேசியதாகப் பின்னாளில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஜனவரியைக் காட்டி, யாருக்கும் தெரியாத அந்த வீரத்தை மறைப்பது சித்தப்பாவுக்கு இழுக்கு என்று எனக்குத் தோன்றியது. இடக்கைச் சாமையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உரல்மேல் ஏறி, பத்துத் தாள்களையும் புரட்டி, எருமை முதுகின்மேல் விரலை வைத்தேன்.

"இதுல. இது தண்ணிக்கு அடியில போவும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். படுக்கையைச் சொன்னேன், குளிக்காததைச் சொன்னேன், மேலே எதிரி போனாலும் கீழே சித்தப்பா இருப்பது தெரியாது என்பதைச் சொன்னேன். டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்த அம்மா, தட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா காலண்டரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள போனது திரும்ப மேல வருமா?" என்று கேட்டார் தாய்மாமன்.

"வந்ததாலதான மாமா இங்க குந்திக்கினு இருக்கேன்" என்றார் சித்தப்பா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணின் தாய் அவர் பக்கம் திரும்பினாள். "உள்ள எறங்கும்போது கதவெல்லாம் மூடுவீங்க இல்ல? அத யாரு மூடறது?"

"ஆளுக்கொரு வேல இருக்குதுங்க அத்தை. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க மூடணும்."

"ஒருத்தன் சரியா மூடலன்னா?"

"எல்லாரும் போய்டுவோம்."

"அத்தினி பேரையும் நீ போய்ப் பாத்துக்கினு இருக்க முடியுமா?"

"முடியாதுங்க. அவன் மூடியிருப்பான்னு நம்பித்தான் நான் என் கதவ மூடறேன்."

தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கூடப் பொறந்த அண்ணங்கிட்டயே சொல்லாதவன், கட்டினவகிட்ட இன்னாத்த சொல்லுவான்?" என்றார். பெண்ணைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு அவர்கள் டீயைத் தொடாமல் போனார்கள். எங்கள் மலையில் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு.

மூன்று நாள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. "ஒன்ன யாரு பக்கத்தத் திருப்பச் சொன்னது?" என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். சித்தப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கொல்லைப்புறத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறவர் ஒருவர், அதைச் சுமக்கிறவர் வேறொருவர் என்பதைப் பிற்காலத்தில் பொதுக்காரியங்களில் பல முறை கண்டிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை பெரிய செய்தியைச் சொன்ன என்னை யாரும் பாராட்டவில்லை என்பதுதான். அம்மா சித்தப்பாவுக்கு வேளை தவறாமல் சோறு போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், குழம்பை ஊற்றும்போது மெல்லச் சொன்னாள்:

"இத்தினி நாளா அந்தப் பெரிய கப்பலுக்கே வேண்டிக்கினு இருந்துட்டேனேடா."

சித்தப்பா சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் அஞ்சாதவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நான்காம் நாள் காலையில் பெண்ணின் தாய் தனியாக வந்தாள். இரண்டு மலை ஏறி இறங்கிய களைப்போடு, உள்ளே வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதைக் கண்ட அப்பாவின் முகம் தெளிந்தது.

"பெருசோ சின்னதோ, மேல போவுதோ கீழ போவுதோ, இதுலதான் போறேன்னு சொல்லிட்டுப் போனா போதும்ன்றா எம் பொண்ணு" என்றாள் சித்தப்பாவிடம். "ஒங்கூட எறங்கறவன நம்பற இல்ல, அதப்போல அவளையும் நம்பு."

"சொல்றேங்க அத்தை" என்றார் சித்தப்பா. எந்த மேலதிகாரியின் முன்னாலும் அவர் அவ்வளவு நேராக நின்றிருக்க மாட்டார்.

அப்பா ஊரைக் கூப்பிட ஓடினார். நான், இம்முறையாவது கேட்பார்கள் என்ற நம்பிக்கையில், அந்தக் கப்பல் எவ்வளவு நேரம் மேலே வராமல் இருக்கும் என்பதைச் சொல்லத் தயாராக இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மா என்னை மெதுவாக ஒருபுறம் நகர்த்திவிட்டு அந்தத் தாயின் கையைப் பற்றினாள்.

"அவன் உள்ள இருக்கற நாளெல்லாம் பொண்ணு எங்கூடவே படுத்துக்கட்டும். அவளத் தனியா வுட மாட்டேன்."

"அதக் கேட்டுட்டுப் போவத்தான் நான் வந்தேன்" என்றாள் அவள்.

பிறகு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். பெண்ணுக்கு இடியென்றால் பயம், கூப்பிட்ட குரலுக்கு எழ மாட்டாள், காரம் ஆகாது, சுனைக்குப் போகும்போது யாராவது கூட வர வேண்டும். கப்பலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உள்ள ஒரு கப்பலுக்கு இந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் போகிறார். இவர்களோ பாய் போடும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், இவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே விளையாடப் போனேன்.