ஆயாம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த திட்டு

என் மூத்த மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது வலது கை முழங்கைக்குச் சற்று மேலே உடைந்தது. எண்பதுகளின் நடுவில், சோளம் அறுத்து முடித்த சமயம். சோளத்தட்டு ஏற்றிய மாட்டுவண்டியின் உச்சியில் உட்காரவேண்டும் என்று அடம் பிடித்தாள். நானே தூக்கி உட்கார வைத்தேன். வாய்க்கால் திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கியது. தட்டோடு சரிந்து கல்லின் மேல் விழுந்தாள்.

என் மனைவி அப்போது மொரப்பூர்ப் பக்கம் அவள் தாய் வீட்டில் இருந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்புக்காரியிடம் சொல்லவேண்டாம் என்றார்கள். நானும் சொல்லவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் அந்தக் காலத்தில் எலும்பு உடைந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டுவார். என் அப்பாவின் காலும் என் தம்பியின் தோளும் அவர் கைப்பட்டுத்தான் கூடின. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வலிக்கும், பொறுத்துக்கொள்ளவேண்டும், எட்டு நாளைக்கு அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பிள்ளை இரண்டு நாள் ஓயாமல் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் அழுகை நின்றது. வலி தணிந்துவிட்டது என்று நினைத்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். எங்கள் தெருவில் குடியிருந்த பள்ளிக்கூடத்து டீச்சர்தான் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்துவிட்டு, ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். முன்கையில் நீளமாகக் கீறி, உள்ளே வீங்கிக்கிடந்த சதைக்கு இடம் விட்டுத் திறந்தே வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கை நிற்குமா என்பது ஒரு வாரத்தில் தெரியும், நிற்காவிட்டால் முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டியிருக்கும் என்றார். பெண் பிள்ளை. வலது கை. அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பெண்கள், பிள்ளைகள் வார்டில் ஆம்பிளைகளைத் தங்க விடுவதில்லை. தாய் வர முடியாது என்று கேட்ட பிறகு நர்ஸ் சிஸ்டர் எனக்கு அனுமதி வாங்கித் தந்தார். கேரளத்துப் பெண், சின்ன வயது. சுற்றிலும் தாய்மார்கள். நடுவில் நான் ஒருவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்டில் ஒரு ஆயாம்மா வேலை செய்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தரை துடைப்பது, தட்டுமுட்டு கழுவுவது, புண்ணுக்குக் கட்டுகிற துணிகளையும் கத்தரிக்கோல் வகையறாவையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பது எல்லாம் அவர் வேலை. என் மகளுக்குச் செய்ததில் பாதி அவர் வேலையே அல்ல. பிள்ளையை ஒதுங்க வைப்பார், கால் கழுவி விடுவார், உடம்பு துடைப்பார். முதல் நாள் நான் பின்னி விட்ட சடையைப் பார்த்துவிட்டு, "என்னாங்க பாப்பாவோட அப்பா, மாட்டுக்குத் தும்பு திரிக்கிற மாதிரி திரிச்சு வெச்சிருக்கறீங்க" என்றார். வார்டே சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள், விழுந்ததற்கு அப்புறம் முதல் தடவையாக. அன்றிலிருந்து காலையில் தலை வாரி விடுவது ஆயாம்மாதான்.

மகளின் கையை ஒரு கம்பியில் துணி கட்டி உயர்த்தித் தொங்க விட்டிருந்தார்கள். நர்ஸ் சிஸ்டர் நேரத்துக்கு நேரம் வந்து நகத்தை அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். ஆயாம்மா அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். வாளியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு நகத்தை அழுத்திப் பார்ப்பார். சிவந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலுக்காகக் காத்துக்கிடந்தே எனக்கு மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் சுண்டு விரலும் மோதிர விரலும் சிவக்கத் தாமதமாயிற்று. அன்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன்.

நாங்கள் தலைமுறையாக வேதக்காரர்கள். மாதா கோயில் விளக்கில் எரிந்து மிச்சமாகும் எண்ணெயைச் சின்ன பாட்டிலில் வாங்கிவந்து சுரூபத்தின் பக்கத்தில் வைத்திருப்போம். காய்ச்சலென்றால் நெற்றியில், வயிற்று வலியென்றால் தொப்புளில், அடிபட்டால் அடிபட்ட இடத்தில் சிலுவை போட்டுத் தடவுவோம். அந்த பாட்டில் என் சட்டைப் பையில் இருந்தது. நெற்றியில் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நோவு கையில் இருக்க நெற்றியில் போட்டு என்ன பயன் என்று அன்று தோன்றிற்று. ஆயாம்மா சாப்பிடப் போயிருந்தார். புண்ணின் மேலிருந்த கட்டின் ஓரத்தைத் தூக்கி, அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே எண்ணெயைச் சரித்து விட்டேன். திரிக்கரி கலந்து கறுத்த எண்ணெய். துணிக்கு அடியில் அது ஓடியதைப் பார்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. கட்டைப் பிரித்ததும் நாற்றம். புண் முழுவதும் கறுப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் ஆயாம்மாவைப் பார்த்தார்.

"துணியெல்லாம் ஒழுங்கா கொதிக்க வெச்சியா, இல்ல சும்மா முக்கி எடுத்தியா?"

"கொதிக்க வெச்சங்க டாக்டர்."

"வெச்சா இப்படி ஆகுமா? ஒரு பிள்ளையோட கை உன் சோம்பேறித்தனத்துல போகப்போகுது."

இத்தனை வருஷமாக இங்கே என்ன கற்றாய், எழுதி அனுப்புகிறேன், வேறு இடத்துக்குப் போ என்று இன்னும் சொன்னார். ஆயாம்மா கட்டுத்துணித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தேன். பாட்டில் என் பையில் இருந்தது. சொன்னால் என்னை வார்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், பிள்ளை தனியாகக் கிடப்பாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. எனக்குப் பயம், அவமானம். அன்று சாயங்காலம் வழக்கம்போல ஆயாம்மா வந்து பிள்ளைக்கு ஈரத்துணி போட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் டாக்டர், வெளியிலிருந்து வந்த அழுக்கு மாதிரித் தெரியவில்லை, சதையே உள்ளிருந்து அழுகுகிறது, நாளைக்கே சேலத்துக்கு அனுப்பி எடுத்துவிடலாம் என்று சிஸ்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. டாக்டர் நகர்ந்ததும் சிஸ்டரிடம் போய்ப் பாட்டிலை நீட்டினேன். "நான்தானுங்க சிஸ்டர். புண்ணுக்குள்ள எண்ணெய உட்டுட்டன்."

சிஸ்டர் அதை மோந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஓடினார். டாக்டர் திரும்பி வந்து, நேற்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும் என்று மட்டும் சொன்னார். பிள்ளையை உள்ளே கொண்டுபோய் மறுபடி மயக்கம் கொடுத்துக் கழுவினார்கள். கறுத்ததில் பெரும்பகுதி கரி. அடியில் சதை சிவப்பாகத்தான் இருந்தது, ஓரிடம் தவிர. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள்.

வார்டுக்குப் பின்னால் ஆயாம்மா துணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். சொன்னேன். அவர் குச்சியால் துணியைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"முந்தாநேத்து உட்டீங்களா?"

"ஆமாங்க ஆயாம்மா."

"அப்ப நேத்து என்னைப் பேசும்போது தெரிஞ்சுதான் நின்னுட்டிருந்தீங்க."

துணியைக் குச்சியால் அமுக்கிவிட்டு அவரே மேலே சொன்னார்.

"நானுந்தான் சாமி கும்புடறன். எங்க மாரியாத்தா வேப்பிலைய புண்ணுக்குள்ளயா சொருவறன்?" குச்சியைக் கீழே வைத்தார். "என்னைத் திட்டுனது அத்தன பேரு முன்னாடி. நீங்க சிஸ்டர் காதுல மட்டும் சொல்லிட்டு வந்துட்டீங்க. நவுருங்க, தண்ணி பொங்குது."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பிள்ளையிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. அதே தலை வாரல், அதே நகம் அழுத்திப் பார்த்தல். தலையாட்டல் மட்டும் இல்லை. கண்ணால் கெஞ்சிக் கேட்டாலும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்.

அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. காய்ச்சல் இறங்கி, சுண்டு விரல் நகம் சிவந்த அன்று காலை டாக்டர் வந்தபோது எழுந்து நின்று, ஆயாம்மா மேல் தப்பில்லை, எண்ணெய் விட்டது நான், அவர் திட்டு வாங்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான் என்று சொன்னேன். டாக்டர், "தெரியும், சரி" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். ஆயாம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா மட்டும், "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார். ஆயாம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கை நின்றது. ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஆயாம்மா என்னிடம் பேசினார், வேலையாகத்தான். தட்டில் துவரையைக் கொட்டி, தினமும் காலையும் மாலையும் அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்க விடவேண்டும், கடைசி இரண்டு விரலையும் நான் பிடித்து நிமிர்த்தி விடவேண்டும். "அழுதான்னு உட்டுராதீங்க" என்றார். நான் கும்பிட்டேன். அவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் மன்னித்தார் என்று நம்புகிறேன். வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்ட கைகளுக்காக எந்நாளும் செபிக்கிறேன். ஆனால் துவரை பொறுக்க விடுவது நான்கு மாதத்தோடு நின்றுபோயிற்று. மழை வந்தது, உழவு வந்தது, கைக்குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை. பிள்ளையும் வலிக்கிறது என்று அழுதாள். விட்டுவிட்டேன்.

வருஷம் திரும்பி டாக்டரிடம் காட்டப் போனோம். கடைசி இரண்டு விரலும் பாதி மடங்கியபடி நின்றுவிட்டிருந்தன. அது ஊரில் போட்ட கட்டாலா, எண்ணெயாலா, நான் வாயை மூடியிருந்த ஒரு நாளாலா, துவரையை விட்டதாலா என்று டாக்டரிடம் கேட்கத் துணிவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது ஆயாம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளையின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிய சுண்டு விரலை மெதுவாக நிமிர்த்தத் தொடங்கினார்.