இரண்டு கார்களும் ஒரு சந்தனப் பொட்டும்

டாக்டரம்மா பழைய காரை விற்கப்போகிறார் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடைக்கானலில் பல் வைத்தியம் பார்க்கிறவர். வாரத்தில் இரண்டு நாள் மலையிறங்கி வத்தலக்குண்டு கிளினிக்குக்குப் போவார். அந்த இரண்டு நாளும் மற்ற நாளும் நான்தான் டிரைவர். பழைய கார் எந்த வளைவில் முனகும், எந்த ஏற்றத்தில் அடம்பிடிக்கும் என்று எனக்கு அத்துப்படி. புதுக் கார் என்றால் முழுக்க முழுக்கத் திரையாம், கேமராவாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் ரோட்டுப் போர்டு படிப்பேன், எழுத்துக் கூட்டி மாத்திரை டப்பா படிப்பேன். அதற்கு மேல் இல்லை.

பெருமாள்மலை தாண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி சென்னையிலிருந்து பேசினார். போன் காரின் ஸ்பீக்கரில் இருந்ததை டாக்டரம்மா கவனிக்கவில்லை.

"புதுக் காருக்குப் புது டிரைவரா பாரு அக்கா. அவருக்கு அதெல்லாம் ஓடாது."

டாக்டரம்மா சட்டென்று போனை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டுருச்சா அண்ணே?" என்றார்.

"நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம்."

அவர் சிரித்தார், ஆனால் பேச்சை விடவில்லை. "ரெண்டு கார் பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் சின்ன எஸ்யூவி, ரெண்டுமே லக்சுரி. ரெண்டையும் நீங்களே ஓட்டிப் பாருங்க. எது உங்களுக்கு ஈஸின்னு சொல்லுங்க, அதை வாங்கிருவோம். ரெண்டுமே முடியலைன்னாலும் ஓப்பனா சொல்லிருங்க."

கடைசி வாக்கியம் வீடு வரைக்கும் என் கூடவே வந்தது. முடியாது என்று சொன்னால் அப்புறம் நான் எங்கே போவேன்? முடியும் என்று பொய் சொல்லி, மலையில் பனிமூட்டத்துக்குள் எதையாவது தப்பாக அமுக்கிவிட்டால்?

முதல் கார் மதுரை ஷோரூமிலிருந்து வத்தலக்குண்டு கிளினிக் வாசலுக்கு வந்தது. கூடவே டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர். உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அடுப்பில்லாத சமையல்கட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. நடுவில் பெரிய திரை, அவ்வளவுதான். திருகு இல்லை, பொத்தான் இல்லை.

"சார், இதுல ஏசி எங்கன கெடக்கு?"

"எல்லாம் ஸ்கிரீனுக்குள்ள இருக்கு சார். வாயால சொன்னாலும் கேக்கும். சொல்லிப் பாருங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் ஆசை விடவில்லை. "கொஞ்சம் ஏசியைக் கொறைங்கம்மா" என்றேன். ஒரு பெண்குரல் மரியாதையாக இங்கிலீஷில் ஏதோ பதில் சொன்னது. பின்சீட்டில் டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குப் பக்கத்துல ஹோட்டல் தேடித் தர்றாளாம்."

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, அந்தக் காரில் அதிசயங்கள் இருந்தன. பின்னால் எடுக்கும்போது திரையில் எங்கள் காரே மேலேயிருந்து தெரிந்தது, பருந்து பார்க்கிற மாதிரி. மேலே கேமராவே கிடையாதாம். நாலு பக்கமும் இருக்கிற கேமராக்களை ஒட்டவைத்து அதுவே கற்பனை செய்துகொள்கிறதாம். கற்பனையை நம்பியா ரிவர்ஸ் எடுப்பது என்று நான் கழுத்தைத் திருப்பியும் பார்த்துக்கொண்டேன். ஹேண்ட்பிரேக் ஒரு விரல் நுனிப் பொத்தான். ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி அசையாமல் நிற்கிறது. நிற்கிறது என்று பார்த்த பிறகும், நிறுத்தின இடத்தில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தேன். மலையில் எல்லா டிரைவரும் செய்கிற காரியம்தான். விற்பனைக்காரர் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மலையடிவாரத்தில் காவல்தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. மலையேறுகிற வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. நானும் நிறுத்தினேன். பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"ஏலே, புது வண்டியா?"

"நம்மது இல்ல சாமி. ஓட்டிப் பாக்க வந்தது."

"பாக்க வந்தா என்ன, இதுவும் மலைதானே ஏறப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே முன்னால் முகப்பில் இருந்த கம்பெனிச் சின்னத்தின் மேல் உள்ளங்கையளவு சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கண் பட்டுவிடாது என்று எனக்கும் ஒரு திருப்தி.

சில வளைவுகள் ஏறியிருப்போம். டிங் என்று ஒரு சத்தம். திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு இங்கிலீஷ் வரி. முதல் எழுத்தைக் கூட்டுவதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. மறுபடி பார்த்தபோது வரி இல்லை.

"மேடம், என்னமோ எழுதுச்சு."

அவர் முன்னால் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே?"

"போயிருச்சு."

"போனா நல்லதுதானே?"

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. விற்பனைக்காரரைக் கேட்கலாமென்றால் அவருக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். "அது சும்மா வரும் சார். கண்டுக்காதீங்க" என்றார் மூடின கண்ணோடு. சும்மா வருகிற எச்சரிக்கை என்றால் நிஜ எச்சரிக்கையை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்? போகப்போக மூட்டம் இறங்கி, கண்ணாடி உள்பக்கம் புகைந்தது. பழைய காரில் பார்க்காமலே கை கண்ணாடிப் புகையைக் கலைக்கிற பொத்தானுக்குப் போகும். இதில் திரைக்குள் போய், ஒரு படத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொரு படத்தைத் தேட வேண்டியிருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் தேடினேன். வேர்வை கழுத்தில் வழிந்தது, அந்தக் குளிரில்.

எதையோ கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன். ஷோரூமிலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடித்தது. 'சும்மா தேங்க்ஸ் சொல்லத்தான்' என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அடித்தது.

இரண்டாவது காரோடு வேறொரு ஷோரூமிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருக்கு மலை ஒத்துக்கொண்டது, பேச்சும் ஓயவில்லை. இந்தக் காரில் திரை சின்னது. அதற்குக் கீழே வரிசையாகத் திருகுகள், பொத்தான்கள். கண்ணாடிப் படத்தின் மேல் மூன்று வளைந்த கோடு போட்ட பொத்தானைத் தொட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. சீட் மட்டும் முதல் காரைப் போல மெத்தென்று இல்லை. டாக்டரம்மா பின்னால் நெளிந்து உட்கார்வது கண்ணாடியில் தெரிந்தது.

அதே கோவில், அதே பூசாரி. "இன்னொண்ணா? உனக்கு வந்த வாழ்வைப் பாரேன்" என்று அதே இடத்தில் அப்பினார்.

மலையேறியதும் மறுபடி டிங். ஆனால் இந்த முறை எழுத்தோடு ஒரு படமும் வந்தது. ஒரு கார், அதன் மூக்கு மட்டும் மஞ்சளாக மின்னியது. வளைவு போனது, அடுத்த வளைவும் போனது, படம் போகவில்லை. அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். கல்லை வைத்தேன். முன்னால் போய்ப் பார்த்தால், மூக்கில் சந்தனம்.

சாமி வைத்ததைத் துடைப்பதா? பிறகு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, துண்டை நனைத்து அழுத்தித் துடைத்தேன். உள்ளே வந்து வண்டியை நகர்த்தினேன். படம் மறைந்தது.

"அந்த எம்ப்ளத்துக்குப் பின்னாடிதாண்ணே ரேடார் இருக்கு" என்றார் அந்தப் பெண். "முன்னால வர்ற வண்டியப் பாக்குறது அதுதான்."

"முந்தின காருக்கும் அப்படித்தானா?"

"அநேகமா எல்லாத்துலயும் அங்கதான்."

அப்படியானால் அன்றைக்கு நான் எதையும் கெடுக்கவில்லை. காரின் கண்ணை மறைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன். அது கெடுத்ததைவிட மோசமா, பரவாயில்லையா என்று யோசித்தேன். பிறகு வேறு கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. மூட்டத்துக்குள் அதற்குத் தெரியுமா? தெரியுமாம். மாடு தெரியுமா? பெரும்பாலும். குரங்கு? அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "குரங்கை நீங்களே பாத்துக்கங்கண்ணே" என்றார்.

பெருமாள்மலையை நெருங்கும்போது மூட்டம் பாலைக் கொட்டின மாதிரி இறங்கியது. ரோட்டின் நடுக்கோட்டைப் பார்த்து ஊர்ந்தேன். அப்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த சின்னத் திரையில் எனக்கு முன்னால் ஒரு வண்டியின் உருவம் வந்தது. வெளியே பார்த்தேன், வெள்ளைதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பூண்டு மூட்டை ஏற்றிய வேனின் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. எனக்குப் புல்லரித்தது. நான் பார்க்காததை அது பார்த்து, எனக்குப் புரிகிற மாதிரி வரைந்தும் காட்டியிருக்கிறது.

சாயங்காலம் டாக்டரம்மா வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார். "சொல்லுங்க அண்ணே. எது?"

"ரெண்டாவதை ஓட்டிருவேன் மேடம்."

"முதல் கார்?"

அந்த மெத்தை சீட்டு அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். 'அதையும் ஓட்டுவேன்' என்று வாய் வரைக்கும் வந்தது. "அதுல ஏதாவது தப்புன்னா எனக்குப் புரியிற மாதிரி அது சொல்ல மாட்டேங்குது மேடம். உங்களுக்கு அதுதான் வேணும்னா, தம்பி சொன்ன மாதிரி வேற ஆளைப் பாத்துக்கங்க. பயந்துக்கிட்டே இந்த மலையில உங்கள ஏத்தி எறக்க என்னால ஆகாது."

"ஸ்பீக்கர்ல கேட்டுருச்சுல்ல அன்னைக்கு?" என்றார் அவர். நான் செருப்பைப் பார்த்தேன். "சீட்டுக்கு ஒரு குஷன் வாங்கிப் போட்டுக்கலாம். டிரைவருக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். "ஆமா, புக் பண்ணிரலாம். கலரா? ஒயிட் நல்லாத்தான் இருந்துச்சு…"

"மேடம்" என்றேன்.

போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"வெள்ளை மட்டும் வேண்டாம். மூட்டத்துல எதிர்ல வர்றவனுக்குத் தெரியாது. அவன் வண்டியில ரேடார் இருக்கோ இல்லையோ."

"சரி, சிவப்பு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல மேடம்." அவர் போனைக் காதில் வைப்பதற்குள், "ஸ்டெப்னி குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டுருங்க" என்றேன்.