நான்கு மடக்குக் கத்திகள்

ஐந்தாவது முறையும் கத்தி தரையில் விழுந்தது. இந்த முறை கால் பெருவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி.

"காலையும் குடுத்துட்டு வந்து உக்காருங்க," என்றாள் மனைவி. "ரெண்டுக்கும் சேத்து ஒரே லீவா எழுதிடலாம்."

அவர் குனிந்து இடது கையால் கத்தியை எடுத்தார். வலது கை சமையலறை மேசைமேல் கிடந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் கிடங்கில், பெட்டிகளை நகர்த்தும் பட்டையின் உருளைக்குள் போய் வந்த கை. விரல்கள் ஐந்தும் இருந்தன. மூடத்தான் மாட்டா. காகிதம் பறக்காமல் அழுத்தி வைக்க உதவும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை சோதனை. பத்து அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கத்தியை விரிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் நாடாவை அறுக்க வேண்டும், கத்தியை மடக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடக்க வேண்டும். திறந்த கத்தியோடு நடப்பது குற்றம். தள்ளி நீட்டுகிற பிளேடு கத்திக்கு அங்கே அனுமதி இல்லை. முனை உடைந்து சரக்குக்குள் விழுந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் பத்தையும் முடித்தால் பெட்டி பிரிக்கிற பிரிவில் அவருடைய பழைய இடம். இல்லாவிட்டால் வாசல் கேட்டில் நாற்காலி. வருகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும், போகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும்.

பத்தொன்பது வருடம் அவர் பெட்டி பிரித்திருந்தார். கிடங்கில் அவரைக் கத்தி அண்ணன் என்பார்கள். வேகத்துக்காக வைத்த பெயர். அடிபட்ட பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம்.

கத்திகளைக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. சாமான் கடை வைத்திருக்கிறான். நான்கையும் துணியில் சுற்றிக் கொடுக்கும்போதே சொன்னான்:

"கீறல் மட்டும் விழாம பாத்துக்குங்க அத்தான். திருப்பி கண்ணாடிக்குள்ள வெக்கணும்."

"கீறல் விழாம எப்படிடா அறுக்கறது?"

"மெதுவா அறுங்க."

"மெதுவா அறுக்கறதுக்கு எனக்கு எதுக்குடா கத்தி? பல்லே போதும்."

மேசையில் நான்கும் வரிசையாக இருந்தன. மனைவி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். குமிழ், ஓட்டை, நாக்கு, பேய்.

பேய் என்பது பொத்தானை அழுத்தினால் தானே விரிகிற வில் கத்தி. அதுதான் சுலபம். கிடங்கில் அதற்குத் தடை. தெரிந்தும் அவர் ஒரு நாள் முழுக்க அதை விரித்து விரித்துப் பார்த்தார். அன்று மட்டும் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை.

குமிழ் வைத்த கத்தியில் அலகின் பக்கவாட்டில் மொச்சைக்கொட்டை அளவில் ஓர் உருண்டை. கட்டைவிரலால் அதை வெளியே தள்ள வேண்டும். குமிழ் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது, வலது கட்டைவிரல் வருகிற பக்கம். இடது கையில் பிடித்தால் அது உள்ளங்கைப் பக்கம் போய்விட்டது. ஆள்காட்டி விரலை வளைத்து இழுத்துப் பார்த்தார். அப்படித்தான் ஐந்து முறை விழுந்தது.

"ஒத்தக் கையால திறக்கலாம்னு அட்டைல போட்டிருக்கான்," என்றார்.

"எந்தக் கைன்னு போட்டிருக்கானா?"

போடவில்லை.

நாக்கு வைத்த கத்தி வேறு மாதிரி. மடக்கியிருக்கும்போது அலகின் ஒரு துண்டு பிடியின் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். ஆள்காட்டி விரலால் அதைக் கீழே தட்டினால் அலகு சுழன்று வந்து நிற்கும். எந்தக் கையானாலும் ஒன்றுதான். கண் இமைக்கிற நேரம். முதல் முறை விரிந்தபோது அவர் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். பிறகு மடக்க வேண்டியிருந்தது. பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நின்றது. அதைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ள வேண்டும். அதுவும் வலது கட்டைவிரலுக்காகச் செய்தது. இடது கையில் ஆள்காட்டி விரல்தான் உள்ளே போய்த் தள்ள வேண்டும். அலகு வந்து மூடுகிற இடத்தில் அந்த விரல் இருந்தது. ஒவ்வொரு முறையும் நிதானமாகச் செய்தார். விரிக்க அரை நொடி, மடக்கப் பதினைந்து நொடி. நாடா அறுக்கிற, நடக்கிற நேரத்தையும் சேர்த்துப் பத்துப் பெட்டிக்கு ஐந்தரை நிமிடம். மனைவி கைப்பேசியைப் பார்த்துத் தாளில் எழுதினாள்.

கடைசியில் ஓட்டை. அலகின் மேல்பகுதியில் வட்டமாக ஒரு துளை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் சிறியது. கட்டைவிரலின் சதை அதில் பதிந்து பிடித்துக்கொள்ளும். விரலை விசிறி மாதிரி வீசினால் அலகு வெளியே வரும். துளை இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் இடமா வலமா என்று கேட்கவில்லை. பூட்டு பிடியின் முதுகில் இருந்தது. அழுத்திக்கொண்டு தொடையில் தள்ளினால் மடங்கியது. விரிக்க இரண்டு நொடி, மடக்க நான்கு. முதலில் வழுக்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வழுக்குவது நின்றது. கட்டைவிரல் நுனியில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்திருந்தது.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். மத்தியானம் போய் மாலையில் வருவாள். வந்ததும் துணிகளை அலமாரியில் வைத்தபடி நேரம் பார்ப்பாள். அவருடைய வேலைச் சட்டைகள், தொப்பி, கையுறை எல்லாம் எட்டு மாதமாகத் துவைத்து மடித்தபடி கீழ்த்தட்டில் இருந்தன. அலமாரிக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம். ஆறு வருடத்துக்கு முன்னால் பாதுகாப்புக்கு நல்ல யோசனை சொன்னதற்காகக் கிடங்கில் கொடுத்தது.

"கேட்டுல உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் செவ்வாய்க்கிழமை. "நிழல் இருக்கு. ஃபேன் வெச்சிருக்காங்க."

"ஃபேன் காத்துல உக்காந்து லாரி எண்ற வயசா எனக்கு?"

"கை போற வயசு மட்டும் ஆயிடுச்சா?"

அவர் ஓட்டைக் கத்தியை விரித்தார். மடக்கினார். விரித்தார்.

"மூணு அம்பது," என்றாள் அவள், கைப்பேசியைப் பார்த்து. குரலில் ஒன்றும் இல்லை.

"பத்துக்குமா?"

"பத்துக்கும்."

புதன்கிழமை மூன்று நாற்பத்தைந்து. மற்ற மூன்றையும் துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவள் சட்டை, தொப்பி, காலணி எல்லாம் எடுத்து நாற்காலியில் வைத்திருந்தாள். பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவர் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கிடங்கின் நடுவில் மரத்தட்டுகள் மேல் பத்துப் பெட்டிகளை இடம் விட்டு அடுக்கியிருந்தார்கள். சூப்பர்வைசர் நின்றான். அவரிடம்தான் வேலை பழகியவன். அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா படிவத்தோடு வந்திருந்தார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வேலை செய்வதுபோலவே நின்றார்கள்.

"கத்தி அண்ணே, ஒரு கை பாத்துடுங்க," என்று ஒருவன் கத்தினான். சொன்ன பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் கத்தியை எடுத்துக் கட்டைவிரலைத் துளையில் வைத்தார். படிவத்து அம்மா கடிகாரத்தை ஓடவிட்டார்.

"அண்ணே," என்றான் சூப்பர்வைசர். "கிளவுஸ்."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"கிளவுஸ் போடாம கத்தியைத் தொடக் கூடாதுல்ல. ரூல் இருக்கே." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

அதற்காகத்தான் பாராட்டுப் பத்திரம். பத்தொன்பது வருடத்தில் கையுறை போடுவதை அவர் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. காலையில் உள்ளே நுழையும்போது ஒரு கை மற்றக் கைக்கு மாட்டிவிடும். கண் பார்க்காது. சமையலறையில் எத்தனை நூறு முறை கத்தியை விரித்தார், எல்லாம் வெறுங்கையால்.

சூப்பர்வைசர் புதுக் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தான். உள்ளங்கையில் ரப்பர் பூசியது. மாட்டிவிடக் கை நீட்டினான். படிவத்து அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அவர் கையுறையின் விளிம்பைப் பல்லால் கடித்து, கையை உள்ளே திணித்தார். இரண்டு விரல்கள் ஒரே உறைக்குள் போய்விட்டன. உதறிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். ரப்பர் நாக்கில் கசந்தது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை.

கையுறையோடு கட்டைவிரல் தடித்திருந்தது. துளைக்குள் போகவில்லை. மேலே பட்டு நழுவியது. திரும்ப வைத்தார். நழுவியது. நாக்கு வைத்த கத்தியாக இருந்தால் தட்டியிருக்கலாம். தட்டுவதற்குக் கையுறை ஒரு தடையே இல்லை. மடக்கத் தாமதமானாலும் ஏழெட்டுப் பெட்டி முடித்திருக்கலாம். அது வீட்டில் துணிக்குள் இருந்தது.

பிடியின் நுனியைப் பல்லால் கடித்தார். கையுறை விரல்களால் அலகின் முதுகைப் பற்றி இழுத்தார். விரிந்தது. வாயிலிருந்து கைக்கு மாற்றும்போது கீழுதட்டில் பட்டது. முதல் பெட்டியை அறுத்தார். நேர்க்கோடு. உள்ளே இருந்த சரக்கில் ஒரு கீறல் இல்லை. தொடையில் தள்ளி மடக்கினார். இரண்டாவதற்கு நடந்தார். திரும்பவும் கத்தி வாய்க்குப் போனது.

"போதும்ண்ணே," என்றான் சூப்பர்வைசர்.

அவர் பத்தையும் முடித்தார். பதினான்கு நிமிடம். படிவத்து அம்மா மூன்றாவது பெட்டியிலேயே எழுதி முடித்து மூடிவிட்டார். பாதுகாப்பற்ற முறை என்பதற்கு அதில் தனியாக ஒரு கட்டம் இருந்தது.

உதட்டைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வரிசையில் ஒருவன் திறந்த கத்தியை அட்டையில் குத்தி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவனின் கையுறை பின்பாக்கெட்டில் தொங்கியது.

"அவங்க யாரும் மடக்கறதில்ல," என்றார். "கிளவுஸும் போடறதில்ல."

"தெரியும்ண்ணே."

"அப்புறம்?"

"அவங்களுக்குப் படிவம் இல்லண்ணே."

மாலையில் மனைவி வந்தபோது அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். அவள் உதட்டைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"கிளவுஸ் போடச் சொன்னான்," என்றார்.

"ம்."

"எனக்கு நெனப்பே வரல. ஆறு நாள். ஒரு தடவைகூட."

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"எனக்கு வந்துச்சு," என்றாள். "ஞாயித்துக்கிழமையே."

அவர் நிமிர்ந்தார்.

"அந்தக் கிளவுஸைப் பத்தொம்பது வருஷமா நாந்தானே துவைக்கிறேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுல படுது. இன்னைக்குக் காலைல சட்டையோட சேத்து எடுத்தேன். திருப்பி உள்ள வெச்சுட்டேன்."

"சொல்லலையே."

"சொல்லல."

"நேரத்தையும் பொய்யாத்தான் எழுதினியா?"

"அது சரியாத்தான் இருக்கு. வேணும்னா பாத்துக்குங்க."

தாள் மேசைமேலேயே இருந்தது. ஓட்டை என்ற பெயருக்குக் கீழே அவளுடைய குண்டு எழுத்தில் எண்கள் நேராக இறங்கின.

"வாயால திறந்தேன்," என்றார். "எல்லாரும் பாத்தாங்க. நாய் எலும்பைக் கவ்வற மாதிரி."

"அந்தக் கையை உருளைலேர்ந்து எடுத்து உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தப்ப அதை நீங்க பாக்கல. மயக்கத்துல இருந்தீங்க. நான் பாத்தேன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவள் மருந்துக் குப்பியையும் பஞ்சையும் எடுத்துவந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவற்றை அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் அவர் ஆறு மணிக்கு எழுந்தார். சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டார். ஆறு பொத்தான்கள், பதினோரு நிமிடம். அவள் சமையலறையில் இருந்தாள். போகிற வழியில் மைத்துனன் கடையில் நின்று மூன்று கத்திகளைக் கொடுத்தார். நான்காவதை எடுத்துக் காட்டினார். ஓட்டைக் கத்தியின் பிடியில் பல் பதிந்திருந்தது.

"இதை யாரு அத்தான் கடிச்சது?"

"நாந்தான்."

அதைத் திரும்பக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது என்று மைத்துனன் சொன்னான். அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏழே முக்காலுக்குக் கேட்டில் உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. நோட்டுப் பறக்காமல் வலது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதினார். எண்கள் கோணலாக வந்தன. பத்தரைக்குக் கேட்டு அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. வெறுங்கையால் கத்தியை விரித்து நாடாவை அறுத்து மடக்கினார். உள்ளே புது நோட்டுகள் இருந்தன. அன்று நாற்பத்தொரு லாரிகள் உள்ளே வந்தன. முப்பத்தொன்பது வெளியே போயின. ஐந்து மணிக்கு அடுத்த ஆள் வந்தார்.