திருவொற்றியூரில் பூட்டு, எண்ணூரில் தையல்: ஒரு வேலை ஆலோசனைப் பயணம்

வேலை வழிகாட்டல் மையத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோழி நூர்ஜகானுக்குத் துணையாகப் போனேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மூன்று வருடம் இருந்தாள். குழந்தை பிறந்ததும் ஐந்து வருட இடைவெளி. பள்ளிப் பிள்ளை முதல் வேலைக்குத் திரும்புகிறவர் வரை எல்லோருக்கும் வழிகாட்டுவோம் என்று நாடு முழுவதற்குமாக ஒரு கொள்கை இருக்கிறதாம். நம்பி இணையத்தில் பதிவு செய்தாள். பத்து மணிக்குத் திருவொற்றியூர் மையத்துக்கு வரும்படி குறுஞ்செய்தி வந்தது.

கொருக்குப்பேட்டையில் 9.10 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு ஆட்டோ அறுபது. போனால் கதவில் பூட்டு, ‘எண்ணூருக்கு மாற்றப்பட்டது’ என்று ஒரு காகிதம்.

“மாறி மூணு மாசம் ஆவுதுமா. தெனம் நாலு பேராவது வந்து பூட்டப் பாத்துட்டுப் போறாங்க” என்றார் காவலாளி. எங்களுக்குச் செய்தி வந்ததோ முந்தைய நாள்!

மறுபடி ஆட்டோ. ஏழு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம், இருநூற்றைம்பது ரூபாய். “கன்டெய்னர் வண்டி லைன் கட்டி நின்னுகினு கீது, நான் இன்னா பண்ண?” என்றார் டிரைவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் அதே ஐந்து ரூபாயில் எண்ணூர் வந்திருக்கும்.

எண்ணூர் மையத்தில் ஆறு பெண்கள் காத்திருந்தார்கள். பத்து மணி குறுஞ்செய்தியைக் காட்டியதும் நூர்ஜகானை முதலில் கூப்பிட்டார்கள். ஆலோசகர் இருபத்தைந்து வயது இளைஞர். கணினியில் நாற்பது கேள்விகள். சமையல் பிடிக்குமா? அடுத்தவருக்கு உதவப் பிடிக்குமா? பார்த்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. முடிவு: தையல், அழகுக்கலை, பேக்கிங்.

“சார், நான் மோட்டாரு, பேனல் போர்டு எல்லாம் பாத்தவ. தையல் எங்கேர்ந்து வந்துச்சு?”

“சிஸ்டம் குடுக்கறதுதான் மேடம். அஞ்சு வருஷம் கேப்னு போட்டா இதான் வரும்.”

“பக்கத்துல எந்தக் கம்பெனில ஆள் எடுக்கறாங்கன்னாவது சொல்லுங்க.”

“அந்த விவரம் எங்களுக்கு வராது மேடம்.”

வெளியே வந்ததும் நூர்ஜகானுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு யாரையாவது பிடித்துக் கத்தவேண்டும்போல இருந்தது. எதிரே டீக்கடை அம்மா, “இன்னாமா, உனுக்கும் தையலா?” என்றார். “அந்தாண்ட ரெண்டாவது கம்பெனி கேட்டாண்ட போர்டு மாட்டிக்கீறாங்க, கரன்ட் வேலைக்குப் பொம்பளை ஆளு வேணும்னு. போய்ப் பாரு.”

நடந்தால் ஐந்து நிமிடம். போர்டு இருந்தது. செக்யூரிட்டி உள்ளே சொல்ல, சூப்பர்வைசர் வந்தார். அவரும் கேள்விதான் கேட்டார்: “ஓடிக்கினு இருக்கற மோட்டார் ட்ரிப் ஆயி நின்னுடுது. மொதல்ல இன்னா பாப்பே?”

“ஓவர்லோடு ரிலே சார். அப்புறம் மூணு ஃபேஸும் வருதான்னு பாப்பேன்.”

“வெள்ளிக்கிழமை ட்ரையலுக்கு வந்துரு.”

வீட்டுக்குப் போகலாம் என்றேன். “அங்க ஆறு பேரு குந்திகினு கீறாங்கக்கா. அவங்களுக்கு யாரு சொல்றது?” என்று மையத்துக்கே திரும்பினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆலோசகரும் கம்பெனி விவரத்தை எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மேடம், அங்க ஆபீஸ் வேலைக்கு ஆள் கேட்டாங்களா? எனக்கு அடுத்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது.”

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. நூர்ஜகான்தான் பதில் சொன்னாள்: “பயோடேட்டா ரெண்டு காப்பி எடுத்துகினு நேரா கேட்டுக்குப் போங்க சார்.”

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருத்தியும் அதே ஷிஃப்டில் இருக்கிறாள். போகிறவர்கள் பழைய வேலையின் அனுபவச் சான்றிதழை மறக்காதீர்கள். மையம் கேட்காது, கம்பெனி கேட்கும். ஆலோசனை முடிந்ததும் பக்கத்துக் கம்பெனி வாசல்களை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கிளம்பும் முன் மையத்துக்குப் போன் செய்வது நல்லது என்று எழுத நினைத்து, நேற்று நானே அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.